பின்பக்கம் திரும்பிய மூக்கு

சிலுவையம்மாளை நான் முதலில் பார்த்தபோது அவர் எங்கள் கடை நடுவில் நின்று ஒரு குழாய்க்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குத் திரும்பும் சாலையில் இருக்கிறது அந்தக் கடை. ஃபாக் லைட், பம்பர், சீட் கவர் என்று வண்டி வாங்கிய பிறகு பொருத்திக்கொள்ளும் சாமான்கள் விற்கிறோம். மழைக்காலம் நெருங்கினால் ஸ்னார்கல் ஓடும். இன்ஜின் காற்று இழுக்கும் வாயை பானெட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, முன்கண்ணாடித் தூணை ஒட்டிக் கூரை உயரத்துக்கு ஏற்றிவிடும் கறுப்புக் குழாய் அது. காற்றோடு ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனாலும் டீசல் இன்ஜின் கதை முடிந்துவிடலாம். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை எந்த டிரைவரும் ஸ்னார்கல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மூக்கு என்றுதான் கேட்பார்கள்.

அன்று நான் சாப்பிட்டுவிட்டு உள்ளே வருகிறேன், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நாங்கள் அதிகமாக விற்கும் மூக்கைச் சுவரிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் பிளாஸ்டிக் மக். பக்கத்தில் வாளி. ஊற்றிய தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, கடை முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது.

"ஏம்மா, தண்ணிய ஊத்துனா தண்ணி வரத்தான செய்யும். குழாய்லா அது" என்றார் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் அவர் பேச்சு ரயில் ஏறவே இல்லை.

"மழை மட்டும் வேற இன்னா ஊத்துதாம், பன்னீரா?" என்றார் அந்த அம்மாள். "மழைக்குன்னு போர்டு போட்டு வச்சிகினு கீற. வாய தொறந்துகினு முன்னாடி பாத்துகினு கீது. மழைல வண்டி போனா நேரா தொண்டைக்குத்தான போவும்?"

"இவன்கிட்ட கேளும்மா. இவன் இன்ஜினியரு. பி.இ. மெக்கானிக்கல்."

எந்த வாடிக்கையாளர் மடக்கினாலும் அண்ணாச்சி என்னைத்தான் முன்னால் தள்ளுவார். எனக்கு அதில் கூச்சமே கிடையாது. கோவில்பட்டிக்கு மேற்கே எங்கள் தெருவில் நான்தான் முதல் பட்டதாரி. கல்லூரியில் சேர தாசில்தார் ஆபீசில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை லேமினேட் செய்து அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்ஜினியரா? சோக்கா போச்சு. அப்ப நீ சொல்லு நைனா. மழை மேலேந்து வருது. லாரி டயரு பக்கத்துலேந்து அடிக்குது. ரோட்டு தண்ணி கீயேந்து ஏறுது. மூணுத்துக்கும் சேத்து ஒரு மூக்கு கீதா?"

அந்தக் கடையில் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. வண்டிக்கு எடுப்பாக இருக்குமா, சிவப்பில் வருமா, சத்தம் கெத்தாகக் கேட்குமா என்றுதான் கேட்பார்கள். "எந்த வண்டிக்கு, எந்த ரோட்டுல ஓடுதுக்கா?" என்று திருப்பிக் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவர் ஓட்டுவது பத்துப் பேர் உட்காரும் பழைய டீசல் ஜீப். அதில் ஏறுகிற எல்லாருக்கும் சிறுநீரகம் பழுது. எண்ணூரில் தொடங்கி எர்ணாவூர், திருவொற்றியூர் என்று வீடு வீடாக ஏற்றி, ராயபுரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு இறக்கிவிட்டு, முடியும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார். ஒன்றுவிட்டு ஒருநாள் இதுதான் வேலை. மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். இவர்கள் உடம்பில் சேரும் தண்ணீருக்கு யாரும் லீவு விட முடியாது. ஒருமுறை தவறினால் கால் வீங்கும். பிறகு அந்தத் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும்.

போன வருஷ மழையில் எர்ணாவூர் தாண்டி, முழங்கால் தண்ணீரில் வண்டி ஒரு முட்டு முட்டி நின்றுவிட்டது. இன்ஜினுக்குள் தண்ணீர். வண்டியில் இருந்தவர்களில் அஜீசுன்னிசா என்பவருக்குத்தான் மூச்சுத் திணறல் தொடங்கியது. ஒரு டிப்பர் லாரிக்காரர் இரக்கப்பட்டு எல்லாரையும் ஏற்றிக்கொள்ளும்வரை தண்ணீருக்கு நடுவில் அப்படியே கிடந்தார்கள். அஜீசுன்னிசா தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்து வந்தார்.

"வண்டியும் மூச்சு விடல, அவளும் மூச்சு விடல நைனா" என்றார் சிலுவையம்மாள். "ரெண்டையும் பாத்துகினு குந்திகினு இருந்தேன். இன்னொரு வாட்டி அத்த நான் பாக்க மாட்டேன்."

அதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. சொல்லி முடித்து, ஊற்றிய தண்ணீரைத் தானே துடைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகவும், எல்லா மூக்கையும் எடுத்து வைக்கும்படியும் சொன்னார். வாங்க அல்ல, பார்க்க.

"வாங்காம பாக்கதுக்கு இது என்ன மியூசியமா?" என்று அண்ணாச்சி முனகினார். ஆனால் ஞாயிறு கடையைத் திறந்து வைத்தார்.

பிற்பாடு அவரைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். பிறந்தது காசிமேட்டில். அப்பாவுக்குப் படகு, அண்ணனுக்கு ஐஸ் வண்டி. அந்த ஐஸ் வண்டியில்தான் ஓட்டப் பழகினார். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வண்டி படகுப் பக்கம் பின்பக்கமாகத்தான் போக வேண்டும் என்பதால், அவர் முதலில் கற்றதே ரிவர்ஸ். முன்னால் ஓட்டக் கற்றது அதற்கு அப்புறம். இன்றைக்கும் ராயபுரத்தில் அவர் வீடு இருக்கும் கல்மண்டபம் சந்துக்குள் அந்த நீள ஜீப்பை அவர் பின்னால் விடுவதை டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். கணவர் அலெக்ஸாண்டர் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் டிரைவர் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் சமையல் அவருடையது.

ஜீப் முதலில் பள்ளிக்கூட வண்டியாகத்தான் ஓடியது. ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடி வண்டி சும்மா நின்றபோது, டயாலிசிஸுக்குப் போக எந்த ஆட்டோவும் வராமல் தெருவில் நின்றிருந்தார் ஸ்டானிஸ்லாஸ் என்ற பெரியவர். துறைமுகத்தில் தார்ப்பாய்க் கேங்கில் இருந்தவர். மழை மேகம் தெரிந்ததும் கப்பல் கிடங்கின் திறந்த வாய்களை ஓடிப்போய் மூடுவதுதான் அவர் வேலை பார்த்த காலம் முழுக்கச் செய்தது. அவரைச் சிலுவையம்மாள் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சிலுவையம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவர் கையில் வாளி இல்லை. ஒரு வெள்ளைத் துணியும், துணிக்குப் போடும் நீலப்பொடிப் பொட்டலமும் இருந்தன. கோயிலில் பீடத்துக்கு விரிக்கும் துணிகளை அவர்தான் வெளுத்துக் கொடுக்கிறார். அந்தப் பழக்கத்தில் வந்த யோசனை. காய்ந்த வெள்ளைத் துணியில் நீலப்பொடியை லேசாகத் தேய்த்து உதறினால் வெளிறித்தான் தெரியும். அதில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், அந்த இடத்தில் கருநீலமாகப் பூத்துவிடும்.

"பீடத்து துணிய மடிச்சு வைக்கச்சொல்ல ஒரு சொட்டு வேர்வ விய்ந்துச்சு, அப்டியே புள்ளி வச்சிருச்சு. அப்பவே நெனச்சேன், இது பொய் சொல்லாது."

அந்தத் துணியை ஜீப்பின் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள், வடிகட்டியின் மேல் விரித்தோம். ஒவ்வொரு மூக்காக ஒரு ரப்பர் குழாயால் பெட்டியோடு இணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, வாட்டர் வாஷ் பம்பால் மூக்கின் தலைமேல் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தண்ணீரை அடித்தோம். தண்ணீர் அடித்தது நான். மூக்கைத் தூக்கிப் பிடித்தது அண்ணாச்சி. ஒரு மூக்கு முடிந்ததும் துணியை மாற்றி, பெட்டியைத் துடைத்து, அடுத்தது. கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்த சோதனைகளில் பாதிக்கு இந்த ஒழுங்கு இருந்ததில்லை.

பானெட்டுக்குள்ளேயே வைக்கும் சிவப்புக் கூம்பு வடிகட்டியை அவர் எடுக்கவே விடவில்லை. "அது பசங்க உறுமுறதுக்கு." முன்னால் வாய் திறந்த மூக்கில் துணி அம்மை போட்டதுபோல் ஆயிற்று. தலையில் கண்ணாடிக் கிண்ணம் வைத்து, காற்றைச் சுழற்றித் தூசியையும் தண்ணீரையும் வெளியே தள்ளும் மூக்கு ஒன்று இருந்தது. அதில் துணி நன்றாகவே இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தியபோதுதான் பொடிப் பொடியாகச் சில புள்ளிகள்.

"இதான் ஒசந்த சரக்கு" என்றார் நனைந்துபோன அண்ணாச்சி.

சிலுவையம்மாள் அந்தக் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தார். "எங்க சந்துல ஒரு கேபிள் ஒயரு தொங்குனா போச்சு. ஒடஞ்சா இதுக்குள்ளயே மழை பெய்யும்." பிறகு முதலில் சோதித்த மூக்கை மறுபடி எடுத்தார். அதன் தலை ஒரு வளையப் பட்டையால்தான் குழாயோடு இறுக்கப்பட்டிருக்கும். திருகாணியைத் தளர்த்தி, தலையை அப்படியே வண்டியின் பின்பக்கம் பார்க்கத் திருப்பினார்.

"காசிமேட்டுல மீன்புடி போட்டு பாத்துகீறியா? இன்ஜின் ரூமுக்கு காத்து போற குழா, எங்க அப்பா போட்டுல அணியத்த, முன்பக்கத்த பாக்காது. பின்னாடிதான் பாக்கும். அலை முன்னாடிதான அடிக்கும்?"

"முன்னாடி பாத்தாத்தாம்மா காத்து வேகமா ஏறும். கம்பெனிக்காரன் சும்மாவா வச்சிருக்கான்?" என்றார் அண்ணாச்சி.

இது என் பாடம். "நூறு கிலோமீட்டர் வேகத்துல போனாக்கூட அதனால ஏறுற காத்து ரொம்பக் கொஞ்சம் அண்ணாச்சி. எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்கு நடுவுல யாரு நூறுல போறா? இன்ஜின் தனக்கு வேணுங்கிறத எந்தப் பக்கம் இருந்தும் இழுத்துக்கிடும். திருப்பி வைக்கலாம்."

சிலுவையம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பம்பை ஓட்டினேன். மேலிருந்து, முன்னாலிருந்து, இந்த முறை லாரிச் சக்கரம் அடிப்பதுபோல் கீழ்ப்பக்கத்திலிருந்து பெட்டியையும் சேர்த்து. இன்ஜினை நிறுத்திப் பெட்டியைத் திறந்தோம்.

துணி முழுக்க வெளிறியே இருந்தது, கீழ் மூலையைத் தவிர. அங்கே மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம்.

மேல் வாய் வழியாக வந்திருந்தால் நடுவில்தான் பட்டிருக்க வேண்டும். நான் குனிந்து பெட்டியின் அடியில் கைவிட்டுத் தடவினேன். காற்றுப் பெட்டியில் தப்பித் தவறித் தண்ணீர் சேர்ந்தால் வெளியேற அடியில் ஒரு ஓட்டை வைத்து, அதில் ரப்பர் மூடி ஒன்று போட்டிருப்பார்கள். தண்ணீரை வெளியே விடும், உள்ளே விடாது. இந்த வண்டியில் ஓட்டை இருந்தது, ரப்பர் இல்லை. எப்போதோ கிழிந்து விழுந்திருக்கிறது. பக்கத்திலிருந்து நான் அடித்த தண்ணீரை இன்ஜின் அந்த வழியாக உறிஞ்சியிருக்கிறது.

"அக்கா, போன வருஷம் தண்ணி மேல இருந்து போகல. முழங்கால் தண்ணில இந்த ஓட்டை முங்கிருச்சு."

சிலுவையம்மாள் தானும் விரலை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. "ஒரு வருஷமா நான் மேலயே பாத்துகினு இருந்தேன்" என்றார். "மெக்கானிக்கும் மேலயே பாத்தான். தபாரு, எவ்ளோ சின்ன ஓட்டை." பிறகு சிரித்தார். "இன்ஜினியர் நைனா, உன் படிப்பு வீணா போவல."

என் அப்பாவுக்கு அன்று போன் செய்தபோது அந்த ஒரு வரியை அப்படியே சொன்னேன்.

மூக்கை டிரைவர் பக்கத்துத் தூணில் பொருத்தினோம். கூரைக்குச் சற்று மேலே, தலை பின்பக்கம் பார்த்து. அடி ஓட்டைக்குப் புது ரப்பர். இணைப்புகள் எல்லாவற்றிலும் பட்டை இறுக்கி, வெடிப்பு இல்லாமல் பசை பூசினேன். எண்ணூர் ரோட்டில் அந்த மூக்கைப் பார்த்தவர்கள் சும்மா விடவில்லை. "இன்னாக்கா, வண்டி ரிவர்ஸ்லயே போவுமா?" என்பார்கள். "ஆமா மாமு, நீ வரியான்னு திரும்பி பாக்குது" என்பார். ஓட்டும்போது அவர் காதுக்குப் பக்கத்தில் மூக்கு உஸ்ஸென்று காற்றை இழுக்கும். முதலில் தொந்தரவாக இருந்த அந்தச் சத்தம் கொஞ்ச நாளில் வீட்டு மின்விசிறிச் சத்தம்போல் ஆகிவிட்டது என்றார்.

ஐப்பசி முடியும் தறுவாயில் கடலில் ஒரு தாழ்வுநிலை வந்து நின்றது. விடாத மழை. கடை திறக்க வழியில்லை. அன்று சிலுவையம்மாளின் முறை நாள் என்று எனக்குத் தெரியும். வடிகட்டிப் பெட்டிக்குள் நீலத் துணி விரித்தே வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். அந்தத் துணியைப் பார்க்காமல் அறையில் உட்கார என்னால் முடியவில்லை. எண்ணூரில் என் அறைக்கு அருகே விடிந்ததும் வண்டி வந்தபோது ஏறிக்கொண்டேன்.

"வா நைனா. தள்றதுக்கு ஒரு ஆளு வேணும்னுதான் மாதாகிட்ட கேட்டுகினு இருந்தேன்."

ஸ்டானிஸ்லாஸ் ஏற்கெனவே பின் சீட்டில் மழைக்கோட்டோடு இருந்தார். எர்ணாவூரில் அஜீசுன்னிசா வீட்டு வாசல் வரை தண்ணீர். சிலுவையம்மாள் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். நானும் இறங்கி, இருவருமாக அஜீசுன்னிசாவை நாற்காலியோடு தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். இரண்டு நாள் தண்ணீர் உடம்பில் சேர்ந்து அவர் முகம் உப்பியிருந்தது.

"மெதுவா போ சிலுவ" என்றார் அஜீசுன்னிசா. "போன தபா மாதிரி லாரில ஏத்தாத. அந்த லாரிக்காரன் நாத்தம் இன்னும் என் துப்பட்டாவ விட்டு போவல."

"உன்ன ஏத்துனதுக்கு அவன்தான் குளிச்சிகினு கீறானாம்."

கிளம்பினோம். மேம்பாலத்தில் ஏறி இறங்கும்வரை ஊர்ந்துதான் போனோம். இறக்கத்துக்கு அப்பால் சாலையே தெரியவில்லை, இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதை வைத்துத்தான் நடுவில் சாலை இருக்கிறது என்று புரிந்தது. சிலுவையம்மாள் முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீராக அழுத்தித் தண்ணீருக்குள் விட்டார். தண்ணீர் முழங்காலைத் தாண்டிற்று. போன வருஷம் வண்டி நின்ற இடத்தை நெருங்கிவிட்டோம். எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

எதிரே ஒரு டிரெய்லர் நகர்ந்தது. அதன் சக்கரம் எழுப்பிய தண்ணீர் சுவர்போல் வந்து கண்ணாடியில் மோதிற்று. ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி தெளிந்தபோது இன்ஜின் சத்தம் மாறிவிட்டிருந்தது. அழுத்த அழுத்த வேகம் இறங்கியது. வண்டி தும்முவதுபோல் குலுங்கியது.

"யா அல்லா" என்றார் அஜீசுன்னிசா மெதுவாக.

நான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து தண்ணீருக்கு மேல் கன்னங்கரேலென்று புகை குமிழிட்டு வந்தது. தண்ணீர் குடித்த இன்ஜின் அப்படிப் புகைக்காது.

"அக்கா, கரும்புகை. காத்து பத்தல."

"ஆமா. உஸ்ஸு சத்தத்த காணோம்" என்றார் அவர். நான் சொல்வதற்கு முன்பே அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார். "தண்ணி குடிக்கல. மூச்சு முட்டுது." இடது கை ஸ்டீயரிங்கில், கால் ஆக்சிலேட்டரில், வலது கை மழையில் மேலே மூக்கைத் தேடியது. கை நின்றது. "இன்னாடா இது, பையி?"

பின் சீட்டில் ஸ்டானிஸ்லாஸ் எழுந்துவிட்டார். "நான்தான் சிலுவ. நான்தான் மூடனேன். நீங்க அவள தூக்கப் போனீங்க, மழை கொட்டுது, வாய தொறந்துகினு கீது... கை சும்மா இல்ல."

கப்பல் வாயை மூடிய கை. ஒரு தடித்த பிளாஸ்டிக் பையைப் போட்டு, கயிற்றால் சுற்றி, காற்றிலும் பறக்காதபடி கட்டியிருக்கிறார். வண்டி ஊர்ந்து வந்தவரை பையின் சந்து பொந்தில் கிடைத்த காற்று போதுமாக இருந்திருக்கிறது. தண்ணீருக்குள் இன்ஜின் முழு மூச்சாக இழுத்ததும் பை வாயோடு ஒட்டிக்கொண்டது. இங்கே நின்றால் புகைபோக்கி வழியாகத் தண்ணீர் ஏறும், மறுபடி கிளப்ப முடியாது.

சிலுவையம்மாளின் விரல்கள் ஈரக் கயிற்றில் வழுக்கின. "அவுல மாட்டேங்குது."

"பிக்காத" என்று கத்தினார் ஸ்டானிஸ்லாஸ். "பிச்சா இறுகும். தொங்குற வாலு ஒண்ணு கீது பாரு, கீய. அத்த இழு. ஒரே இழுப்பு."

தார்ப்பாய்க் கேங்கில் அப்படித்தான் கட்டுவார்களாம். மழை வந்தால் மூடவேண்டும். மழை விட்ட அடுத்த நிமிஷம் கிரேன் இறங்கவேண்டும். முடிச்சோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. அதனால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒரு வாலைத் தொங்கவிட்டு வைப்பார்கள். அதை இழுத்தால் மொத்தமும் கழன்று வந்துவிடும்.

சிலுவையம்மாள் இழுத்தார். கயிறும் பையும் அவர் கையோடு வந்தன. இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டது. உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. பிறகு காதுக்குப் பக்கத்தில் அந்த உஸ்ஸ். வண்டி முன்னால் தாவியது. அவர் கால் அந்த நேரம் முழுக்க ஆக்சிலேட்டரை விட்டு எழவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பயந்தவர்கள் முதலில் செய்வது காலை எடுப்பதுதான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எடுத்திருப்பேன். படித்த படிப்பில் எடுக்கக்கூடாது என்று தெரியும், ஆனாலும் எடுத்திருப்பேன்.

தண்ணீர் வடிந்து சாலை தெரிந்தது. முதலில் வாய் திறந்தது அஜீசுன்னிசா.

"யோவ் ஸ்டானிஸ்லாஸு. எனக்கு மூச்சு முட்டுனா என் மூஞ்சில பைய கட்டுவியா?"

"உன் வாய மூடற சைசுல தார்ப்பாய் துறைமுகத்துலயே கெடையாது" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில், திருவொற்றியூரில் ஏறியவர்கள் இறங்கிக்கொள்ள, அஜீசுன்னிசாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே அனுப்பினோம். ஸ்டானிஸ்லாஸ் உள்ளே போகாமல் வண்டிப் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றார். திட்டு வாங்காமல் போக அவருக்கு மனசு வரவில்லை. சிலுவையம்மாள் நனைந்த கயிற்றைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

"முடிச்சு சோக்கா கீது ஸ்டானி அண்ணே. வண்டி நிக்கச்சொல்ல மூக்க மூடறது நல்லதுதான், குருவி கூடு கட்டாது. இனிமே மூடறதும் நீதான், தொறக்கறதும் நீதான். மூடுனா சாவி உன்கிட்ட இருக்கணும். தொறந்துட்டுத்தான் என் கைல குடுக்கணும். புரிதா?"

அந்தப் பெரியவர் நிமிர்ந்த நிமிர்வை நான் மறக்கமாட்டேன். கேங்கில் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனார்.

பிறகு பானெட்டைத் திறந்தோம். வடிகட்டிப் பெட்டியின் கிளிப்புகளைச் சிலுவையம்மாளே கழற்றினார். துணியை இரண்டு கையாலும் எடுத்து, பீடத்துத் துணியைப் பிடிப்பதுபோல் விரித்து, வெளிச்சத்தில் காட்டினார். மேலே மழை, பக்கத்தில் லாரி, கீழே வெள்ளம் என்று அவர் கடையில் கேட்ட மூன்றையும் தாண்டி வந்த துணி. அதில் எங்கேயும் ஒரு நீலப்புள்ளி இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பார்க்கக்கூட இல்லை, மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "வா, நாஸ்தா துன்னலாம். உங்க அண்ணன் இட்லி கட்டி குடுத்துகீறாரு" என்றார். அலெக்ஸாண்டர் அண்ணனின் இட்லிப் பொட்டலம் மட்டும் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் அவர் வண்டியில் ஏறியவர்கள் ஒருவருக்கும் ஒரு முறைகூட டயாலிசிஸ் தவறவில்லை. எங்கள் கடையில் இப்போது மூக்கு வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் அடி ஓட்டை ரப்பரைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதன் பிறகு தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்ற பேச்சு. அண்ணாச்சி சுவரில் மாட்டியிருக்கும் மாதிரி மூக்கைத் தானே பின்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். யார் யோசனை என்று கேட்டால் கம்பெனி யோசனை என்கிறார்.

சிலுவையம்மாள் ராயபுரத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஒன்றுவிட்டு ஒருநாள் விடியும்போது எண்ணூருக்கு வண்டி எடுக்கிறார். அஜீசுன்னிசா முன் சீட்டில் வருகிறார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்போது சாவி ஸ்டானிஸ்லாஸிடம் இருக்கிறது.